மரப் பொறியியல் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிவில் படித்த ஒருவரிடம் கான்கிரீட் உத்திரம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி நூலை எடுப்பார். இரும்பு என்றால் ஐஎஸ் 800. மர உத்திரம் என்றால் பலரும் விழிப்பார்கள். அதற்கும் ஐஎஸ் 883 என்று ஒரு விதி நூல் இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனிப் பகுதியே உண்டு. பாடத்திட்டத்தில்தான் அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

இதற்குக் காரணம் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டது. அடுத்து, நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளைக் காக்க கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று உத்தரவிட்டது. நாடு முழுக்க மரம் வெட்டுவதும் அறுவை மில்களும் கட்டுக்குள் வந்தன. காட்டுக்கு அந்தக் காவல் தேவைப்பட்டது. அதே காலத்தில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் மரத்தைத் தொடாமலே பட்டம் வாங்கினார்கள். அதே வருடங்களில்தான் வெளிநாடுகளில் மரக் கட்டடங்கள் வானளாவ எழுந்தன. நார்வேயில் 18 மாடி மியோஸ்டோர்னெட் 2019-ல் 85.4 மீட்டரைத் தொட்டது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 25 மாடி அசென்ட் 2022-ல் 86.6 மீட்டருக்கு எழுந்தது. அதன் கீழ்த்தளங்களும் லிஃப்ட் ஓடும் கூடுகளும் கான்கிரீட், மேலே இருப்பது மரம். இங்கேயும் மத்தியப் பொதுப்பணித் துறை 2020-ல் தடையை நீக்கிவிட்டது.

ஆக, துறை திறந்திருக்கிறது, படித்தவர்கள் குறைவு. எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். மரத்தை உங்கள் கையில் கொடுத்து, ஈரம் பார்க்க வைத்து, சுமை ஏற்றி உடைத்துப் பார்க்க வைக்கும் இடமா என்று பாருங்கள்.

முதல் படி: மூன்று வாசல்களில் எது உங்களுடையது?

ஒன்று, கட்டமைப்பு. மரத்தால் ஆன கூரை, பாலம், மாடிக் கட்டடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு வடிவமைப்பது. சிவில் படித்தவர்களுக்கு இதுதான் நேர்வழி. இரண்டாவது, மரத் தொழில்நுட்பம். அறுப்பது, உலர்த்துவது, பசையிட்டு ஒட்டுவது, பிளைவுட் செய்வது, இயந்திரத்தில் வெட்டுவது. மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், கெமிக்கல் படித்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். மூன்றாவது, மர அறிவியல். உயிரணு அமைப்பு, இனம் கண்டறிதல், பூஞ்சையும் கரையானும், பதப்படுத்தும் ரசாயனம். தாவரவியல், வனவியல், வேதியியல் மாணவர்களின் இடம் இது.

பல்கலைக்கழகங்கள் இந்த மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயரில் நடத்துகின்றன. பெயரை மட்டும் பார்த்துச் சேர்ந்த சிவில் மாணவர் இரண்டு வருடம் பசை வேதியியல் படிக்க நேரிடும். அதனால் வாசலை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: விண்ணப்பிக்கும் முன்பே மரத்தோடு பழகுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எந்த சிவில் கல்லூரியிலும் மண் பரிசோதனைக் கூடத்தில் ஓர் உலர்த்து அடுப்பு இருக்கும். அது போதும். பக்கத்து மரவாடியில் புதிதாக அறுத்த சட்டம் ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் தடிமனுக்குள் ஒரு துண்டு கேளுங்கள். முனையிலிருந்து வெட்டாமல், ஒரு முழமாவது உள்ளே தள்ளி வெட்டச் சொல்லுங்கள். முனை எப்போதும் சீக்கிரம் காய்ந்துவிடும், அது காட்டும் கணக்கு உண்மையாக இருக்காது. வெட்டியவுடன் எடை போடுங்கள். 103 டிகிரி செல்சியஸில் அடுப்பில் வைத்து, எடை இனி மாறவில்லை என்ற நிலை வரும்வரை அவ்வப்போது எடுத்து நிறுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 62 கிராம் இருந்தது 50 கிராமில் நின்றால், போன நீர் 12 கிராம். அதை உலர்ந்த எடையான 50-ஆல் வகுத்தால் ஈரப்பதம் 24 விழுக்காடு. உலர்ந்த எடையால் வகுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் பச்சை மரத்தின் ஈரப்பதம் சில சமயம் 100 விழுக்காட்டைத் தாண்டியும் நிற்கும்.

இந்த எண் ஏன் முக்கியம்? ஈரப்பதம் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை மரம் சுருங்குவதில்லை, ஏனென்றால் போவது உயிரணுக்களின் உள்ளறையில் தேங்கிய நீர். அதற்குக் கீழே இறங்கினால் உயிரணுச் சுவரில் இருக்கும் நீர் போகத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும், கூடவே வலுவும் ஏறும். சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருக்காது. ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பலகை வளைவது, நடுத்தண்டு உள்ள சட்டத்தில் வெடிப்பு விழுவது எல்லாம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான். தேக்கில் இந்த இரண்டு சுருக்கமும் குறைவு, முழுக்கப் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை சுமார் 5.5 விழுக்காடும் 2.5 விழுக்காடும். நம் ஊரில் கதவு நிலைக்குத் தேக்கைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் வலு. ஐரோப்பாவில் சாதாரணமாகப் பயன்படும் சி24 தர ஊசியிலை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவைத் தாங்கும் வலு சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டன். நார் ஓட்டத்துக்குக் குறுக்கே இழுத்தால் தாங்குவது வெறும் 0.4 நியூட்டன். அறுபதில் ஒரு பங்கு! கட்டி வைத்த துடைப்பக் குச்சிகளை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், பிறகு பக்கவாட்டில் பிரித்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். மரப் பொறியியலில் பாதிப் படிப்பு, அந்த 0.4 பக்கம் சுமை போகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கூடவே ஐஎஸ் 883-ஐ ஒருமுறை புரட்டுங்கள். நம் மரங்களை நெகிழ்வுக் கெழுவை, அதாவது விறைப்பைக் காட்டும் எண்ணை, வைத்து ஏ, பி, சி என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனுக்கு மேல் ஏ, 9,800-க்கு மேல் பி, 5,600-க்கு மேல் சி. சால் மரம் ஏ-யில் வரும், தேக்கு பி-யில். தேக்கு விலையில் உச்சம் என்பதால் விறைப்பிலும் உச்சம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியம்.

நேரம் கிடைத்தால் தக்கலை பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்க் கூரைச் சட்டங்கள் சேரும் இடங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள். கோவையில் இருப்பவர்கள் காஸ் வன அருங்காட்சியகத்தில் மர மாதிரிகளைப் பார்க்கலாம். ஒரு ஆசாரியின் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்தால், நார் ஓட்டத்துக்கு எதிராக இழைப்புளி போனால் என்ன ஆகும் என்பது புத்தகம் இல்லாமலே விளங்கும்.

மூன்றாம் படி: இந்தியாவிலேயே படிக்க

நேர்மையாகச் சொன்னால், கட்டமைப்பு வாசலுக்கு இந்தியாவில் இடம் குறைவு. மற்ற இரண்டுக்கும் நல்ல இடங்கள் உண்டு.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மர அறிவியல் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்சி. இருக்கிறது. நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கை. அறிவியல் பட்டதாரிகளும் வனவியல் பட்டதாரிகளும் எழுதுவது இது. தகுதி விவரத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மர அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று இருக்கிறது, போனால் தவறவிடாதீர்கள்.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கும் குறுகிய காலப் பயிற்சிக்கும் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல இடம். பிளைவுட், பலகைத் தொழிலுக்கு ஆள் தயார் செய்வதில் பெங்களூரில் 1962-ல் தொடங்கிய பிளைவுட் தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு நீண்ட அனுபவம்; அது இப்போது மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் தொழிற்சாலையில் வேலை வேண்டும் என்பவர்களுக்கு அந்தப் பயிற்சி நேரடிப் பாதை. மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அங்கே வனவியலில் இளநிலை தொடங்கி மேலே போகலாம். மலைவேம்பு, சவுக்கு போன்ற பண்ணை மரங்களைத் தொழிற்சாலையோடு இணைக்கும் வேலை அங்கே நடக்கிறது. பக்கத்தில் திருச்சூர் வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரியும் உண்டு.

சிவில் மாணவர்களுக்கு என் யோசனை: இங்கே கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. சேர்ந்து, ஆய்வுத் தலைப்பை மட்டும் மரமாக எடுத்துக்கொள்ளலாம். மரத்தில் ஆர்வமுள்ள வழிகாட்டி கிடைப்பாரா என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

நான்காம் படி: வெளிநாட்டில் எங்கே?

கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் வட பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒருங்கிணைந்த மர வடிவமைப்பில் ஒரு வருட முதுநிலைப் பொறியியல் நடத்துகிறது. வகுப்பு நடக்கும் கட்டடமே 2014-ல் எழுந்த 29.5 மீட்டர் மரக் கட்டடம். ஆங்கிலத்தில் கட்டமைப்பு படிக்க விரும்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் மரப் பொருள் உற்பத்திக்குப் பெயர் போனது. அதன் வளாகத்தில் 18 மாடி மாணவர் விடுதியான பிராக் காமன்ஸ் 2017-லிருந்து நிற்கிறது.

ஜெர்மன் மொழி உலகம் இந்தத் துறையின் தாய்வீடு. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்யும் வளைந்த ஒட்டுச் சட்டத்துக்கு ஓட்டோ ஹெட்சர் 1906-ல் காப்புரிமை வாங்கியது ஜெர்மனியில். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டும் சிஎல்டி, 1990-களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாக வளர்ந்தது. அதற்காக கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபர் 2019-ல் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு பெற்றார். பவாரியாவின் ரோசன்ஹைம் 1925 முதல் மரக் கல்வி நடத்திவரும் ஊர். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் உள்ள பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் மரத் தொழில்நுட்பத்தில் முதுநிலை நடத்துகிறார்கள். இளநிலை என்றால் ஜெர்மன் மொழி இல்லாமல் நகர முடியாது. முதுநிலையிலும் ஆய்வுக்கூடத்துப் பேச்சும் தொழிற்சாலைப் பயிற்சியும் பெரும்பாலும் ஜெர்மனில்தான். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வு வரையாவது இங்கேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

சுவீடனில் வெக்ஷோவில் லின்னேயஸ் பல்கலைக்கழகமும், வடக்கே ஷெலெஃப்டியோவில் லூலியோ பல்கலைக்கழகத்தின் மர வளாகமும் இருக்கின்றன. ஷெலெஃப்டியோவில் 20 மாடி சாரா பண்பாட்டு இல்லம் 2021-ல் திறந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் மரக் கட்டடம் உங்கள் ஆர்வம் என்றால் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகம். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிய சட்டங்களுக்குள் எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டும் முறையை உருவாக்கியவர்கள் அவர்கள். நெல்சன் நகரில் 2011-ல் அந்த முறையில் முதல் கட்டடம் எழுந்தது.

ஐந்தாம் படி: பாடத்திட்டத்தில் என்ன தேடுவது?

பட்டியலிட்ட இடங்களின் பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, முதலில் இணைப்புகளுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மரச் சட்டம் நடுவில் முறிவது குறைவு. பெரிய விபத்துகளின் கதை பெரும்பாலும் இணைப்பில்தான் தொடங்குகிறது.

நார்வேயின் டிரெட்டன் பாலம் 2012-ல் திறந்தது. 2022 ஆகஸ்ட் 15 காலையில் ஒரு லாரியும் ஒரு காரும் மேலே இருக்கும்போதே ஆற்றில் சரிந்தது. ஓட்டுநர்கள் இருவரும் மீட்கப்பட்டார்கள். ஒட்டுச் சட்டங்களின் நடுவே எஃகுத் தகட்டைச் செருகி, குறுக்கே எஃகு ஆணிகள் அடித்த இணைப்பு அது. ஒரு சாய்வுச் சட்டத்தில் ஆணிக் கூட்டம் மொத்தமாக, தன்னைச் சுற்றிய மரத்தைக் கட்டியாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆணி ஒவ்வொன்றாகக் கணக்கிட்டால் எல்லாம் சரியாக இருக்கும். கூட்டமாகக் கணக்கிட்டால்தான் இந்த முறிவு கண்ணில் படும்.

அதற்கு முன், ஒற்றை ஆணி எப்படித் தோற்கும் என்பதைப் புரிந்துகொள்ள, டென்மார்க்கின் யோஹான்சன் 1949-ல் தந்த கோட்பாட்டை வகுப்பில் ஆழமாக நடத்த வேண்டும். தடித்த ஆணி, மெல்லிய மரம் என்றால் மரம் நசுங்கும். ஒல்லியான ஆணி, தடித்த மரம் என்றால் ஆணி வளையும். நமக்கு வேண்டியது இரண்டாவது. எஃகு வளைந்து எச்சரிக்கை தரும், மரம் பிளந்தால் எச்சரிக்கையே இருக்காது. எனவே நான்கு தடித்த போல்ட்டுக்குப் பதில் பல ஒல்லி ஆணிகளை, சரியான இடைவெளி விட்டு, போடுவதுதான் நல்ல வடிவமைப்பு. இதை ஆய்வுக்கூடத்தில் இழுத்து உடைத்துக் காட்டும் ஆசிரியர் இருக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது ஈரமும் பசையும். ஜெர்மனியின் பாட் ரைஷன்ஹாலில் 2006 ஜனவரி 2 அன்று பனிச்சறுக்கு அரங்கின் கூரை இடிந்து 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். கூரையில் பனிச் சுமை இருந்தது. உத்திரங்களை ஒட்டியது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, ஈரத்தைத் தாங்காத வகை. பனி அரங்கின் ஈரக்காற்றில் அது பல ஆண்டுகளாக வலுவிழந்துகொண்டே வந்திருக்கிறது. வடிவமைப்புக் கணக்கிலும் குறைகள் இருந்தன. எந்தப் பசை எந்தச் சூழலுக்கு என்பதைக் கட்டமைப்பு மாணவரும் படித்தே ஆக வேண்டும்.

நெருப்பும் நீண்ட காலத் தொய்வும் பாடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரம் எரியும்போது மேலே கரி படிந்து உள்ளே இருப்பதைக் காக்கும். ஒட்டுச் சட்டம் நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் கரியாகும் என்று ஐரோப்பிய மரக் கட்டமைப்பு விதி நூலான யூரோகோட் 5 கணக்கிடச் சொல்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 42 மில்லிமீட்டர், சூட்டில் வலுவிழந்த அடுக்குக்கு இன்னும் 7, ஆக ஒவ்வொரு பக்கமும் 49 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டு மிச்சச் சட்டம் சுமையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தொய்வுக்கு வந்தால், நிரந்தரச் சுமையில் இன்று 10 மில்லிமீட்டர் தொய்யும் சட்டம், வீட்டுக்குள் காலப்போக்கில் 16 ஆகும். மழை வெயிலில் திறந்தவெளியில் நின்றால் 30 வரை போகும். இரண்டு கணக்கும் சுலபம்தான், ஆனால் யாராவது ஒருமுறை கையைப் பிடித்துச் செய்ய வைக்க வேண்டும்.

ஆறாம் படி: விண்ணப்பம், பணம்

ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ், கட்டாயம். அது வர நேரமாகும், முதல் வேலையாக விண்ணப்பியுங்கள். வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பியரல்லாத மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. சுவீடனும் கனடாவும் நியூசிலாந்தும் கட்டணம் வாங்கும் நாடுகள், உதவித்தொகை இல்லாமல் யோசித்து இறங்குங்கள்.

நோக்கக் கடிதத்தில் சுற்றுச்சூழல், கரியமில வாயு என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் அடுப்பில் வைத்து அளந்த ஈரப்பதக் கணக்கையும், ஐஎஸ் 883-ஐ யூரோகோட் 5-ஓடு ஒப்பிட்டுச் செய்த ஓர் உத்திரக் கணக்கையும் எழுதுங்கள். படிக்கும் பேராசிரியருக்கு அது தனியாகத் தெரியும்.

ஏழாம் படி: சேர்ந்த பிறகு

முதல் பருவத்திலேயே பட்டறை வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மேடிசன் வனப்பொருள் ஆய்வகம் மரத்தைப் பற்றிய தன் கையேட்டை இலவசமாகவே வெளியிடுகிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் தீரும். விடுமுறையில் அலுவலகத்தைவிட, சட்டம் வெட்டும் தொழிற்சாலையில் பயிற்சி தேடுங்கள். கேட்வொர்க் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த கோப்பு எப்படி மரம் வெட்டும் ஹுண்டெக்கர் இயந்திரத்துக்குப் போய் வெட்டுப் பட்ட சட்டமாக வெளியே வருகிறது என்று பார்த்தவர், செய்ய முடியாத இணைப்பை வரைய மாட்டார்.

வேலை வாய்ப்பைப் பொறுத்தவரை, கட்டமைப்பு படித்தவர்களுக்கு இன்றைக்கு ஐரோப்பாவும் கனடாவும்தான் முக்கியக் களம். தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு யமுனாநகர், பெரும்பாவூர் போன்ற பிளைவுட் ஊர்களில் தேவை இருக்கிறது. பிளைவுட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கிய ஆணை 2025-ல் நடைமுறைக்கு வந்ததால், சோதனை செய்யத் தெரிந்தவரைத் தொழிற்சாலைகள் தேடும்.

எட்டாம் படி: ஆய்வுத் தலைப்பு

ஊர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்பேன். ஸ்ப்ரூஸ் மரத்தைப் பற்றி நூலகம் நிறைய இருக்கிறது. மலைவேம்பை ஒட்டுச் சட்டமாக்கினால் ஆணி இணைப்பு எவ்வளவு தாங்கும், சவுக்குக் கம்பில் எப்படிப்பட்ட முடிச்சு போடலாம் என்பவை நமக்கு வேண்டிய கேள்விகள். தென்னை இன்னும் சுவையானது. வெளிப்பக்கம் கல்லாக இருக்கும், நடுப்பகுதி பஞ்சாக இருக்கும், ஒரே மரத்துக்குள்ளேயே இரண்டு தரம். எந்த வட்டத்திலிருந்து வெட்டிய துண்டு என்று குறிக்காமல் விட்டால் சோதனை முடிவுக்கு அர்த்தமே இருக்காது.

மாதிரிகளைக் காலம் பார்த்துத் தயார் செய்யுங்கள். சோதனைக்கு முன் துண்டுகளை 20 டிகிரி வெப்பம், 65 விழுக்காடு காற்றீரம் உள்ள அறையில், எடை மாறாத நிலை வரும்வரை வைத்திருக்க வேண்டும். தடித்த துண்டுகளுக்கு இதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஆய்வறிக்கைக்கு ஒரு பருவம்தான் என்றால், மரத்தை முந்தைய பருவத்திலேயே வரவழைத்து, தாவர நலச் சான்றிதழ், சுங்க வேலைகளை முடித்து, அந்த அறையில் அடுக்கிவிட்டுத்தான் தேர்வுக்குப் படிக்கப் போக வேண்டும்.